சுன்னாகத்தில் இறங்கியவன்

கடலில் தொடங்கிக் கடலில் முடிய வேண்டும் என்பது கனகரட்ணத்தின் கட்டளை. ஆகவே இலங்கையின் வடகரையிலுள்ள காங்கேசன்துறையிலிருந்து தென்கரையிலுள்ள தெய்வேந்திரமுனை வரை முந்நூறு மைலுக்கு மேல் சைக்கிள் மிதிக்கப் போகும் மூன்று பேரும், 1938ஆம் ஆண்டு மாசி மாதத்து விடியலில், யாழ்ப்பாண ரயில் நிலையத்தில் வடக்கே துறைக்குப் போகும் கோச்சியில் ஏறினார்கள். சைக்கிள்கள் கடைசிச் சாமான் பெட்டியில் கிடந்தன.

"சைக்கிள் இருக்கக் கோச்சியிலை போறியளோ?" என்றார் எதிர் வாங்குப் பலகையிலிருந்த புகையிலை வியாபாரி. "நாளைக்குச் செருப்பைத் தலையிலை வைச்சுக்கொண்டு நடப்பியள் போலை!"

எல்லோரிலும் பலமாகச் சிரித்தவன் ஜெபநேசன். அவன் தில்லைநாதனுக்குப் பக்கத்தில் இருந்தான். மிசன் பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே வகுப்பு. ஆனால் அங்கே தில்லைநாதன் வாங்கிலும் ஜெபநேசன் நிலத்திலும் இருந்து படித்தார்கள். ஜெபநேசனின் தகப்பன் பனையேறிக் கள்ளுச் சீவுகிறவர். இப்போது அவன் தேகப்பயிற்சி வாத்தியார். கோச்சியில் டிக்கட் எடுத்தவனுக்கெல்லாம் வாங்குதான்.

கோச்சி புறப்பட முன், ஜெபநேசன் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில், கனகரட்ணம் தில்லைநாதனை ஒரு தூணோரம் இழுத்துப்போய்க் கடிதமொன்றைக் காட்டியிருந்தான். வவுனியாவில் போஸ்ட்மாஸ்டராயிருக்கும் அவனது மாமா எழுதியது. பயணத்தின் முதல் இரவுத் தங்கல் அவர் வீட்டில். அடுத்த இரவுகள் அனுராதபுரத்திலும் குருநாகலிலும், அவருக்கு வேண்டிய யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் வீடுகளில்.

'மூன்றாவது பொடியன் யாருடைய பிள்ளை என்று விசாரித்து அறிந்தேன். அவனைக் கூட்டிக்கொண்டு என் படலைக்கு வர வேண்டாம். மற்ற வீடுகளுக்கும் எழுதிவிட்டேன்.'

"எப்ப வந்தது, அண்ணை?"

"மூண்டு கிழமைக்கு முன்னம்."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"இவ்வளவு நாளும் எங்கடை சைக்கிள் சில்லை உவனில்லாமல் ஆர் நேராக்கித் தாறது? உன்ரை கொப்பரோ?" கனகரட்ணம் கடிதத்தை மடித்தான். "உவனுக்குப் பதிலாய்ச் சிவசுப்பிரமணியம் காங்கேசன்துறையிலை நிக்கிறான். அவனிட்டைச் சைக்கிள் இல்லை. ஜெபநேசன்ரை இருக்குது. நீதானே உவனோடை ஒட்டு, தெல்லிப்பழை ஸ்டேசனுக்கு முதல் வரவேண்டாமெண்டு சொல்லிப்போடு. ஏலாதெண்டால் நீயும் இறங்கு. கச்சேரிக் கிளாக்கர்மார் ஊரிலை மலிவு."

தில்லைநாதனும் அரசாங்கக் கச்சேரியில் ஒரு கிளாக்கர்தான்.

கோண்டாவில் ஸ்டேசன் கழிந்தது. தில்லைநாதன் வாயைத் திறந்தான். ஜெபநேசன் முந்திக்கொண்டான்.

"பேப்பரிலை எங்கடை பேரை எப்பிடிப் போடுவினம்? எழுத்து வரிசையெண்டால் கனகரட்ணம், ஜெபநேசன், தில்லைநாதன். நான் நடுவிலை!" குரலைத் தாழ்த்தினான். "என்ரை பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் வெட்டி ஒட்டக் காத்துக்கொண்டு நிக்குதுகள். மூண்டு பேரும் ஒரே வரியிலை. உண்மையைச் சொன்னால், நான் மிதிக்கிறது அதுக்குத்தான்."

 கனகரட்ணம் தில்லைநாதனின் காலைத் தன் சப்பாத்தால் மெல்ல மிதித்தான்.

சுன்னாகத்தில் கோச்சி நின்றது. தில்லைநாதனுக்குத் தொண்டை மெய்யாகவே வறண்டிருந்தது. யோசனை வந்ததும் அதனால்தான்.

"ஜெபநேசன், குடிக்கக் கொஞ்சம் தண்ணி எடுத்துக்கொண்டு வாருமன். இந்தாரும் போத்தல்."

ஜெபநேசன் அவனைப் பார்த்தான். இரண்டு மாதமாக லீவு நாள்களில் விடியலிலேயே ஆனையிறவு வரை சைக்கிளில் போய் வந்து பழகியிருந்தார்கள். ஒருநாளாவது அவன் நீட்டிய தண்ணீரைத் தில்லைநாதன் வாங்கியதில்லை. தாகமில்லை என்பான்.

"நானோ?"

"ஓம், நீர்தான்."

"இந்தா, ஒரே ஓட்டத்திலை வாறன்!"

குழாயடியில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். முறை வந்ததும் அவன் போத்தலைக் கழுவினான். மறுபடி கழுவினான். மூன்றாம் தரமும் கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் நிரப்பினான். கார்ட் விசில் ஊதினார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். தில்லைநாதன் கூப்பிடவில்லை.

ஜெபநேசன் நல்ல ஓட்டக்காரன். நகரும் பெட்டியை எட்டிக் கம்பியில் கை வைத்துவிட்டான். வாசலை அடைத்துக்கொண்டு கனகரட்ணம் நின்றான்.

"கையை விடும்! விழுந்து சாகப் போறீரோ?"

கையை விட்டு, கூடவே ஓடி, அவன் போத்தலை யன்னலுக்குள் நீட்டினான். "நீங்கள் குடியுங்கோ! என்ரை சைக்கிளை இறக்கி வையுங்கோ, ஓடியே வந்து சேருவன். அஞ்சாறு மைல்தானே!"

போத்தல் தில்லைநாதனின் கையில் குளிர்ந்தது. கனகரட்ணம் அதைப் பார்த்தான். "வெளியிலை ஊத்து" என்றான். தில்லைநாதன் ஊற்றினான். புகையிலை வியாபாரி இருமிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொல்லத்தான் சொன்னனான். நீ செய்தே காட்டிப்போட்டாய்" என்று கனகரட்ணம் அவன் முதுகில் தட்டினான். தட்டியது தில்லைநாதனுக்குப் பிடித்திருந்தது.

காங்கேசன்துறையில், எட்டு மணிக்கென்றிருந்த புறப்பாட்டை, வெயிலைச் சாட்டாகச் சொல்லி ஏழேகாலுக்கு ஆக்கினார்கள். சிவசுப்பிரமணியம் கட்டையன். ஜெபநேசனின் சைக்கிளில் அவனுக்குக் கால் எட்டவில்லை. தில்லைநாதன் இருக்கையை இறக்கிக் கொடுத்தான்.

"ஜெபநேசன் எண்டவர்?" வழியனுப்ப வந்திருந்த பத்திரிகை நிருபர் கேட்டார்.

"பயந்து சுன்னாகத்திலை இறங்கிப்போட்டான்" என்றான் கனகரட்ணம்.

நிருபர் தில்லைநாதனைப் பார்த்தார்.

"ஓம், அவராய்த்தான் இறங்கினவர்."

நிருபர் ஒரு பெயரை வெட்டி இன்னொன்றை எழுதிக்கொண்டார். மாலையோடு படம் எடுத்தார்கள்.

புறப்பட்ட பிறகுதான் தில்லைநாதனுக்கு உறைத்தது. தெற்கே போகிற தெருவும் சுன்னாகத்திலிருந்து வருகிற தெருவும் ஒன்றே.

தெல்லிப்பழை தாண்டியதும் எதிரே ஜெபநேசன் தென்பட்டான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தூரத்திலேயே மூன்று சைக்கிளை எண்ணிவிட்டுக் கைகளை ஆட்டினான்.

"என்ரை சைக்கிளைக் கொண்டே வாறியளோ! நான் வந்து எடுத்திருப்பனே!" சிவசுப்பிரமணியத்தைப் பார்த்துக் கும்பிட்டான். "தம்பி செய்தது பெரிய உபகாரம்!"

நடுத்தெருவில் நின்று, சைக்கிளை வாங்க இரண்டு கைகளையும் நீட்டினான். சிவசுப்பிரமணியம் தடுமாறி வேகத்தைக் குறைத்தான்.

தில்லைநாதன் மணியை அடித்தான். விரலை எடுக்காமல் அடித்தான்.

ஜெபநேசன் அவன் முகத்தையும், இறக்கிய இருக்கையையும் பார்த்தான். கைகளை மடக்கிக்கொண்டு, தெருவைவிட்டு இறங்கி வேலியோரம் ஒதுங்கினான். மூவரும் கடந்தார்கள். பிறகுதான் பின்னால் காலடிச் சத்தம் தொடங்கியது.  அது விடாமல் வந்தது.

"விழுந்து போவானோ?" என்றான் சிவசுப்பிரமணியம். பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"முன்னாலை பார்" என்றான் தில்லைநாதன். "இன்னும் கொஞ்சம் இழுத்து மிதி."