முன்சீற் முறைப்பாடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் பிறக்கவில்லை, மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பவேண்டிய ஒரு படிவத்தில் பிறந்தது. "என்ன நடந்தது?" என்று அதில் ஒரு பெட்டி இருக்கிறது. மல்வேர்னில் எனக்கு இரண்டு மாடி கீழே குடியிருக்கும் நிரோஷினிக்காக அந்தப் பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தேன். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேரவேண்டும். அந்த வருடம் நாளையோடு முடிகிறது.

முதல் தொடக்கம்: "மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மல்வேர்னிலிருந்து பிறம்ரனுக்கு—"

மழை பெய்யவில்லை. வெட்டினேன்.

இரண்டாவது: "ஒப்பரேஷன் செய்த முழங்காலோடு அந்தப் பெண் பஸ்ஸில் ஏறினாள்—"

இதை வாசித்துக் காட்டியபோது நிரோஷினி கையைக் காட்டி மறித்தாள்.

"ஆரின்ரை முழங்கால் அண்ணை? என்ரை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"ஒரு காரணம் இருந்தாத்தானே தங்கச்சி வாசிக்கிறவைக்கு இரக்கம் வரும்."

"முன்சீற்றில இருக்கிறதுக்கு எனக்கு முழங்கால் நோகவேணுமோ?"

அந்த வாக்கியத்தையும் வெட்டினேன்.

2

கைப்பழக்கம், வேறென்ன. தொண்ணூறுகளில் இலங்கையிலிருந்து இங்கே வந்திறங்கிய எங்கள் சனத்துக்கு அகதிக் 'கேஸ்' எழுதிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். நடந்ததே போதுமான கொடுமையாக இருக்கும். நான் அதற்கு மேலும் கொஞ்சம் கறுப்பு அடிப்பேன். பிறகு கதை எழுத வந்தேன், கையும் கூடவே வந்துவிட்டது. (இந்தப் பகுதியை இன்னும் நீளமாக எழுதலாம். என்னைப் பற்றி எழுதுவது எனக்குப் பிடிக்கும். விடுகிறேன்.)

3

நடந்தது இவ்வளவுதான். நாங்கள் வேலை செய்த பிறம்ரன் வெயார்ஹவுசுக்கு ஆட்களை ஏற்ற ஒரு வாடகை பஸ் வரும். முன்பக்கத்து நான்கு வரிசை வெள்ளைத் தோல்காரருக்கு. எங்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் பின்பக்கம். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. ட்ரைவர் கையைக் காட்டுவார், நாங்களும் போய்விடுவோம்.

அன்றைக்கு நிரோஷினி முன்சீற்றில் இருந்தாள். உன்னுடைய ஆட்களுக்கு இடம் பின்னால் என்றார் ட்ரைவர். அவள் அசையவில்லை. பஸ் பத்து நிமிடம் அப்படியே நின்றது. பின்னாலிருந்து யாரோ, "எழும்பி வாங்கோ பிள்ளை, ஷிப்ற் பிந்துது" என்றார்கள்.

என் மூன்றாவது பிரதியில் அவள் கடைசிவரை எழும்பவில்லை. "அவளோடு சேர்ந்து முழு பஸ்ஸும்—"

"நான் எழும்பிப் போனன்," என்றாள் நிரோஷினி. "கடைசிச் சீற்றில போய் இருந்தன். அதை எழுதுங்கோ."

"அப்பிடி எழுதினா நீ ஒத்துக்கொண்ட மாதிரி வரும்."

"எழும்பினதுதான் அண்ணை எனக்கு இன்னும் நோகுது. அதை வெட்டினா பிறகு என்ன முறைப்பாடு?"

4

(இது கட்டுரை மாதிரி இருக்கும். அவசரக்காரர் தாண்டிப் போகலாம், கோபிக்கமாட்டேன்.)

1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ரயிலில் கறுப்பினத்தவருக்குத் தனிப்பெட்டி வைப்பது சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்றது. அதில் இழிவு தெரிந்தால், அது கறுப்பினத்தவர் தாங்களாகவே கொள்கிற அர்த்தம் என்று நீதிபதிகள் எழுதினார்கள். வாசிக்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எங்கள் சுப்பவைசரும், முறையிடப் போன நிரோஷினிக்கு இதையேதான் சொன்னார்: நீதான் பிழையாக விளங்கிக்கொண்டாய். அடுத்த கிழமையிலிருந்து அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை.

அறுபது வருடம் கழித்து, 1956இல், அலபாமாவின் பஸ் சட்டம் செல்லாது என்று அதே நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்த வழக்கைக் கொண்டுபோனவர்கள் நான்கு பெண்கள். தங்கள் பெயரைப் போட்டு, நீதிமன்றத்தில் ஏறி, தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள்.* அங்கே விதி எழுத்தில் இருந்தது, எடுத்துக் காட்டலாம். எங்கள் பஸ்ஸில் எழுத்தே இல்லை. எழுதாத விதியை நிரூபிக்க, கண்ணால் கண்ட ஆள் வேண்டும்.

* யாழ்ப்பாணத்து பஸ்களில் சாதி பார்த்து ஆட்களைச் சீற்றில் இருக்கவிடாத காலமும் உண்டு. அப்படியான விலக்குகளுக்கு எதிராக 1957இல் இலங்கையிலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. எங்கள் சனம் இதை அதிகம் கதைக்காது. நானும் அடிக்குறிப்பில்தான் வைத்திருக்கிறேன், பாருங்கள்.

5

"யாரோ எண்டு ஏன் போட்டிருக்கிறியள்?" நிரோஷினி விரலை அந்த வரியில் வைத்தாள்.

கதை எழுதுகிறவனுக்கு 'யாரோ' மிகவும் வசதியான பாத்திரம். பெயர் வேண்டாம், முகம் வேண்டாம், பிறகு வந்து கேள்வியும் கேட்காது.

வாசகரே, அது நான்தான். பின்பக்கத்தின் முதல் வரிசையில் இருந்தேன். பிந்தினால் சுப்பவைசர் கத்துவார் என்ற பயத்தில் சொன்னேன்.

"ட்ரைவர் சொன்னதுக்கு நான் எழும்பேல்லை," என்றாள். "நீங்கள் சொன்னாப் பிறகுதான் எழும்பினன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்ப ஏன் என்னட்டை வந்தனீ?"

"கிட்ட இருந்து பாத்த ஆள் நீங்கள்தானே, இக்னேசியஸ் அண்ணை. வேற ஆர் எழுதுறது?"

நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன். சாட்சியாகப் பெயர் கொடுத்தால் எனக்கும் அழைப்பு நின்றுபோகலாம். சாட்சி சொன்னவரைப் பழிவாங்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்வதும் சுப்பவைசர் செய்வதும்—

இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன். 'யாரோ' வரியை மட்டும் திருத்தினேன்: "எழும்பி வாங்கோ என்று சொன்னவன் நான், இக்னேசியஸ். அதற்குப் பிறகே அவர் எழும்பிப் போனார்." நிரோஷினி இரண்டு தரம் வாசித்தாள். "ஓம், இதுதான்" என்றாள். என் எழுத்துக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

6

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் வெல்கிறோம். ஒன்றில் தோற்கிறோம். மூன்றாவதில் ட்ரைவர் அழுது மன்னிப்புக் கேட்கிறார். அதற்கு நிரோஷினி விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்றையும் எறிந்துவிட்டேன், தீர்ப்பு எழுதுவது என் வேலையில்லை.

"என்ன பரிகாரம் வேண்டும்?" என்ற பெட்டியை அவளே நிரப்பினாள்: "என்னைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடவேண்டும். யாரும் எங்கேயும் இருக்கலாம் என்று பஸ்ஸில் எழுதி ஒட்டவேண்டும்."

இன்று காலை, அன்றைக்குக் கடைசிச் சீற்றில் இருந்த மக்டலீன் அக்கா கேள்விப்பட்டு எனக்கு ஃபோன் எடுத்தார். "என்ரை பேரையும் போடுங்கோ. நானும் கண்டனான்," என்றார்.

படிவத்தில் சாட்சிகளுக்கு மூன்று வரி. இரண்டு நிரம்பிவிட்டன. அன்று அந்த பஸ்ஸில் முப்பத்தொரு பேர் இருந்தோம். நாளை பின்னேரம் ஐந்து மணிவரை நேரம் இருக்கிறது. நீங்கள் எந்தச் சீற்றில் இருந்தீர்கள்?