அடங்கிய சத்தம்

பள்ளிப் பேருந்து ஓட்டுபவனுக்கு நடுப்பகல் சொந்தம். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை நான் ராஜா. சிக்கல் என்னவென்றால், என் மனைவிக்கும் அதே நடுப்பகல்தான் சொந்தம். ஆஸ்பத்திரியில் இரவுப் பணி நர்ஸ்; அந்நேரம் அவள் தூங்கியாக வேண்டும். நான் பாட்டுக் கேட்கும் பின்னறைக்கும் தெருப்பக்கம் இருக்கும் அவள் கட்டிலுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்.

ஒருநாள் தலைவிரிகோலமாக வந்து நின்றாள்.

"சத்தம் அடங்கணும். இல்லேன்னா இந்த ரெண்டு ஸ்பீக்கரும் என் தம்பி வீட்டுக்குப் போயிடும்."

"போயிடும்," என்றான் பக்கத்தில் நின்ற அந்தத் தம்பி, என் மச்சான். யார் பேசினாலும் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்வான். வீட்டில் அவனுக்கு எதிரொலி என்றே பேர்.

அந்த அறையிலும் எதிரொலி இருந்தது. கை தட்டினால் நாலு சுவரும் பதிலுக்குத் தட்டின. யார் பாடினாலும் கிணற்றில் விழுந்து உதவிக்குக் கூப்பிடுவது போலிருக்கும். ஆகவே அவள் 'அடங்கணும்' என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. எதுவும் சட்டென்று புரிந்துவிடுவதுதான் என் வியாதி.

ஒலியை உறிஞ்சும் பலகைகளின் விலையைக் கடையில் விசாரித்தேன். விசாரித்ததோடு சரி. முட்டை அட்டை ஒட்டலாம் என்றான் மச்சான்.

"ஏன்டா, கோழிப்பண்ணையா வைக்கப்போறோம்?"

"வைக்கப்போறோம்."

பேருந்துக்கு இருக்கை மாற்றியபோது கழற்றிப்போட்ட மெத்தைகள் பணிமனையில் கிடந்தன. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார்கள். மரச்சட்டம் அடித்து, உள்ளே மெத்தைப் பஞ்சைத் திணித்து, பழைய போர்வையை இழுத்துப் போர்த்தினோம். ஒரு மெத்தையில் யாரோ ஒட்டிய சூயிங்கம் இருந்தது. அதுவும் உறிஞ்சட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கே மாட்டுவது? நான் நாற்காலியில் உட்கார, மச்சான் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்தினான். ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரியும் இடத்தில்தான் ஒலி பட்டுத் திரும்புகிறதாம்.

"தெரியுதா மாமா?"

"என் தொப்பைதான் தெரியுது. தள்ளு."

"தள்ளு," என்றபடி தள்ளினான்.

மாட்டி முடித்துக் கை தட்டினேன். ஒரே தட்டல்தான் கேட்டது. பாட்டைப் போட்டேன். பாடகர் கிணற்றிலிருந்து ஏறி வந்து, தலையைத் துவட்டிக்கொண்டு, என் எதிரே உட்கார்ந்து பாடினார். எனக்குக் கண் கலங்கியது. தூசி என்றேன். "தூசி," என்று மச்சானும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கதவு திறந்தது.

"எப்படி?" என்றேன் பெருமையாக. "சத்தம் அடங்கிடுச்சா?"

"முன்னாடி வெறும் இரைச்சல். அது பாட்டுக்கு அது, நான் பாட்டுக்கு அரைத்தூக்கமாவது தூங்குவேன். இப்ப ஒவ்வொரு வார்த்தையும் புரியுது. பாட்டுல வர்ற அந்தாளு கடைசியில ஊருக்குத் திரும்பினானா இல்லையான்னு முழிச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன்."

"நீதானே அடங்கணும்னே?"

"என் காதுக்கு அடங்கணும்னேன். உங்க காதுக்கா?"

பஞ்சு அறைக்குள் சுற்றும் ஒலியைத்தான் விழுங்கும். சுவர் தாண்டிப் போவதை அது கண்டுகொள்ளாது. எனக்கு இது இரண்டாவது தடவையாகப் புரிந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கேக்கறதுக்குன்னே ஒரு ரூம் வேற வெச்சிருக்கீங்க!"

மச்சான் ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். தீர்ப்பின் மிச்சத்தைச் சொல்ல அவள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். ராத்திரி முழுக்க வார்டில் நின்ற கால்களை நீட்டினாள்.

"உங்களுக்கு எத்தனை தடவை..."

காத்திருந்தோம். மிச்சம் வரவில்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தெரு இரைச்சல் அவ்வளவாக எட்டாத அந்த அறையில், பேருந்துப் பிள்ளைகள் தூங்கி வழிந்த பஞ்சுகளுக்கு நடுவே, அவளும் தூங்கியிருந்தாள்.

இப்போது அவள் படுக்கை அந்த அறையின் மூலையில்தான். பாட்டின் கனத்த தாளம் 'தொம் தொம்' என்று முட்டிக்கொண்டிருந்த மூலை அது. பெரிய மெத்தை ஒன்று போட்டால் சரியாகும் என்று நானே நினைத்திருந்தேன். சரியாகியிருக்கும். பாட்டைப் போட்டுப் பார்க்கத்தான் வழியில்லை. ஸ்பீக்கர்களும் அங்கேயே இருக்கின்றன. அவளை எழுப்பாமல் அவற்றைத் தூக்கிக்கொண்டு போக மச்சானுக்குத் தைரியம் கிடையாது.

நடுப்பகலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் என் நாற்காலியில் உட்காருகிறேன். அவள் மூச்சு விடுவது கேட்கிறது. லேசான குறட்டைதான். எதிரொலியே இல்லை.