வெளியூர்க் கைதட்டல்

மெஹர் பானு பொத்தான் தைத்துக்கொண்டே கணவனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். சட்டை அவள் கையில் இருந்ததால் தாவூது பனியனோடு நின்று கேட்க வேண்டியதாயிற்று.

"ஆட்டம் பாக்கத்தானே காரைக்கால் போறீங்க? பாத்துட்டு வாங்க. வாயத் தொறக்காதீங்க. சம்மந்தி பக்கத்துல உக்காந்துக்கிட்டு நாகூரு நாகூருன்னு கத்துனா, நம்ம புள்ள கதி என்னாவும்?"

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. மகள் ஜன்னத்தைக் காரைக்கால் பீர் மைதீனின் மகன் அப்துல் லத்தீபுக்குப் பேசி வைத்திருந்தார்கள். அடுத்த பிறையில் நிக்காஹ். அது முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியேறுவது அவர்கள் குடும்பங்களின் வழக்கம். மாடி அறைக்குச் சுண்ணாம்புகூட அடித்தாகிவிட்டது. அந்தப் பீர் மைதீன்தான் காரைக்கால் பிறைக் கழகத்தின் தலைவர். இன்று பிறைக் கழகத்தோடு கால்பந்து ஆடப்போவது நாகூர். நாகூர் எந்த ஊரில் ஆடினாலும் கூடவே போய்த் தொண்டை கிழியக் கத்துகிறவர் தாவூது.

"பொண்ணக் குடுக்குறவங்க அடங்கித்தான் போவணும்" என்றாள் மெஹர் பானு.

"பொண்ணத்தானே குடுக்குறேன்? நாக்கையுமா சேத்துக் குடுக்கணும்?" என்று சட்டையைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

காரைக்கால் எல்லையிலிருந்த வாஞ்சூர்ச் சாவடியில் வண்டியை நிறுத்தி மடியை உதறிக் காட்டச் சொன்ன பிரெஞ்சுக்காரன் காலம் மலையேறிவிட்டது. பஸ் நிற்காமல் போயிற்று. சாவடிதான் போயிற்றே தவிர, 'நம்ம ஊரான், அந்த ஊரான்' என்கிற பேச்சு மட்டும் ஜனங்களிடம் பத்திரமாக இருந்தது.

திடலில் பீர் மைதீன் தம் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, நன்னாரி சர்பத் கொடுத்து உபசரித்தார். பின்னால் மாப்பிள்ளை லத்தீப் அடக்கமாக உட்கார்ந்திருந்தான். தாவூதும் மனைவி சொல்லை மதித்து உதட்டைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் நாகூர் கோல்கீப்பர் பிலோமின்ராஜ் மூலைக்குப் போன பந்தைப் பாய்ந்து பிடித்தபோது அவர் எழுந்து நின்றது அவருக்கே தெரியாது.

"அப்படிப் போடு! நாகூருன்னா சும்மாவா!"

திடல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "வெளியூரான உக்கார வைங்கடா!" என்று ஒரு குரல் வந்தது. பீர் மைதீன் முகம் சுண்டிப்போயிற்று.

"சம்மந்தி, இது எங்க ஊரு."

"தெரிஞ்சுதாங்க வந்தேன்."

சற்று நேரத்தில் காரைக்கால் ஒரு கோல் போட்டது. அழகான கோல். தாவூது அதற்கும் எழுந்து கைதட்டினார். இந்த மனிதரைத் திட்டுவதா, விடுவதா என்று கூட்டத்துக்குப் புரியவில்லை.

அப்போதுதான் நாகூர்க் கோலுக்குப் பின்னாலிருந்து சரளைக்கல் ஒன்று பறந்து வந்தது. பிலோமின்ராஜ் புருவத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. அவன் தலையில் துண்டைக் கட்டிவிட்டு, நாகூர் அணி மொத்தமும் திடலை விட்டு வெளியேறி நின்றது.

"ஓடுறாங்க! கப்பு நமக்குத்தான்!" என்று கூட்டம் கூத்தாடியது.

"கும்பல்ல இதெல்லாம் சகஜம். போறவங்க போவட்டும்" என்றார் பீர் மைதீன்.

தாவூது எழுந்தார். பீர் மைதீன் அவர் கையைப் பிடித்துத் தணிந்த குரலில் சொன்னார்: "சம்மந்தி, நிக்காஹ் இன்னும் நடக்கல. யோசிச்சுப் பேசுங்க."

சுண்ணாம்பு அடித்த மாடி அறையும் ஜன்னத்தின் முகமும் தாவூதின் கண்முன் வந்தன. உட்கார்ந்துவிட்டால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் அந்தப் பையனின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு உட்கார அவருக்கு மனசு வரவில்லை.

"யோசிச்சுத்தாங்க பேசுறேன். நிக்காஹ் முடிஞ்சா உங்க மவன் எங்க வீட்டுக்கு வந்துருவாரு. அப்புறம் நாகூர்ல நீங்க ஆட வந்தா, அவரு யாருக்குக் கைதட்டுவாரு? காரைக்காலுக்குத்தான். எங்க ஊர்க் கும்பல்ல அன்னிக்கு அவருதான் வெளியூரான். அவரு மேல ஒரு கல்லு வந்து விழுந்தா, 'இதெல்லாம் சகஜம்'னு நான் சர்பத் குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கட்டுமா? நீங்களே சொல்லுங்க."

பீர் மைதீன் திரும்பி மகனைப் பார்த்தார். லத்தீப் தலை குனிந்திருந்தான். ஆனால் "மாமா சொல்றது சரிதான் வாப்பா" என்று தெளிவாகச் சொன்னான்.

பீர் மைதீன் எழுந்து, தம் நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு திடலுக்குள் நடந்தார். நேரே பிலோமின்ராஜிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்க தம்பி. எங்க ஊருக்கு வந்த இடத்துல உனக்கு இப்படி ஆயிட்டுது."

நாற்காலியை நாகூர்க் கோலுக்குப் பின்னால் போட்டு, கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தார். "எறியிறவன் இனிமே என் மேல எறி! எதிர்ல நின்னு ஆட ஆளு வந்தாத்தான்டா நமக்கு ஆட்டமே. வந்தவன அடிச்சு வெரட்டிட்டு வாங்குற கப்புல என்ன பெருமை இருக்கு? வெளியூரான் நமக்கு விருந்தாளி. மாத்தி நினைக்கிறவன் எழுந்து வீட்டுக்குப் போ!"

ஒருவரும் எழுந்து போகவில்லை. நாகூர் அணி திரும்பி வந்தது. ஆட்டத்தில் நாகூர் தோற்றது. தாவூதின் குரல் மட்டும் கடைசிவரை தோற்கவில்லை.

பஸ் ஏற்றிவிட வந்த பீர் மைதீன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சம்மந்தி, லத்தீபுக்கும் என் தொண்டைதான். நாகூர்ல எங்க கழகம் ஆடினா, கத்தித் தொலைப்பான். நீங்கதான் பொறுத்துக்கணும்."

கரகரத்துப்போன குரலில் தாவூது சிரித்தார்.

"நல்லாக் கத்தட்டும். எங்க வீட்டு மாப்பிள்ளை எங்க ஊருல வாய மூடிக்கிட்டு உக்காந்தா, அது எங்களுக்குத்தாங்க கேவலம்."