சான்று தேவை

கோவில்பட்டிக் கல்லூரி ஒன்றில் பொருளியல் கற்பித்த காளீஸ்வரிக்கு 2008இல் புதிதாக ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. வேலை முடிந்து வந்ததும் கணினியைத் திறந்து விக்கிப்பீடியாவில் தமிழ்க் கட்டுரைகள் எழுதுவாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற அந்தக் கலைக்களஞ்சியத்தில் கரிசல் மண், கம்பு, கயத்தாறு என்று தெரிந்ததையெல்லாம் எழுதினாள். சம்பளம் கிடையாது, பாராட்டும் அபூர்வம். ஆனாலும் அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் தீப்பெட்டித் தொழில் பற்றிய கட்டுரையில் ஒரு வரி சேர்த்தாள்: 'எண்பதுகளில் பசுவந்தனைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சிறுவர் சிறுமியர் விடியும் முன்பே தீப்பெட்டி ஆலை வேலைக்குப் பேருந்தில் ஏற்றிவரப்பட்டனர்.'

மறுநாள் அந்த வரியின் அருகில் 'சான்று தேவை' என்ற குறிப்பு இருந்தது. போட்டவர் நவமணி, கொழும்பிலிருந்து எழுதும் ஓய்வுபெற்ற நூலகர்.

காளீஸ்வரிக்குச் சுருக்கென்றது. அந்தப் பேருந்தில் வந்த பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. எட்டு வயதில் கட்டை அடுக்கியவள். குச்சிகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் செருகும் வேலை அது. 'நானே சான்று' என்று கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் எழுதினாள்.

நவமணி பதில் போட்டார். 'உங்களை நம்புகிறேன். ஆனால் நாளைக்கு வேறொருவர் வந்து, நானும் அங்கே இருந்தேன், அப்படி எதுவும் நடக்கவில்லை என்றால் என்ன செய்வது? அச்சில் வந்த ஆதாரம் இருந்தால் இந்த வரியை யாராலும் லேசில் நீக்க முடியாது.'

குழந்தைத் தொழிலாளர் பற்றிப் பொதுவான அறிக்கைகள் கிடைத்தன. பசுவந்தனைப் பிள்ளைகளைப் பற்றி அவள் தேடிய எதிலும் ஒன்றுமில்லை. அம்மா பாலம்மாளிடம் சொல்லிப் பொருமினாள்.

"ஏட்டி, நீ செஞ்ச வேலையை நீ சொன்னா நம்ப மாட்டாவளா?"

"நம்புதாவம்மா. ஒருத்தி வாய்ச்சொல் போதாதுங்காவ."

"அப்போ ஊருல போய்க் கேளு. அந்த பஸ்ஸுல நீ ஒருத்தியா போன?"

அது சரியென்று பட்டது. கேட்டதை ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதி அச்சில் கொண்டுவந்துவிடலாம். விடுமுறை நாட்களில் பசுவந்தனைக்குப் போய், கூட வேலை பார்த்த பெண்களைத் தேடிப்பிடித்துப் பேசினாள். மனம்விட்டுச் சொன்னார்கள். ஆனால் எல்லோரும் கடைசியில், அவர்களில் ஒருத்தியான வெயிலம்மாள் சொன்னதையே சொன்னார்கள்: "என் பேரை மட்டும் போட்டுராத, காளி. மகளுக்கு மாப்பிள்ளை பாக்கோம்."

பெயர் சொல்லிப் பேச ஒருவராவது வேண்டுமே என்று, தான் வேலை பார்த்த தீப்பெட்டி ஆலைக்கே, ஊர்ப்பேச்சில் 'ஆபீசு'க்கே, போனாள். பழைய முதலாளியின் மகன் பூவனலிங்கம் இப்போது அதை நடத்திவந்தார். வெளியே போகச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டுதான் விஷயத்தைச் சொன்னாள். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"நானும் அப்போ சின்னப்பயதான். ஸ்கூலுக்குக் கிளம்பறதுக்கு முன்னால வாசல்ல நின்னு பார்ப்பேன். என் வயசுப் பிள்ளையெல்லாம் தூக்கக் கலக்கத்துல பஸ்ஸ விட்டு இறங்கும். எங்கப்பாகிட்ட ஒருநாள் கேட்டேன். அடிதான் விழுந்துச்சு. எழுதுங்க டீச்சர். என் பேரைப் போட்டே எழுதுங்க."

"உங்களுக்குச் சிக்கல் வராதா அண்ணாச்சி?"

"வரட்டும். இப்போ இங்கன ஒரு பிள்ளை வேலை பாக்கல. அதையும் சேத்து எழுதுங்க."

காளீஸ்வரி எழுதிய ஆய்வுக் கட்டுரை மறு ஆண்டு ஓர் ஆய்விதழில் வெளிவந்தது. சொந்தக் கட்டுரையைத் தானே ஆதாரமாகக் காட்ட மனம் வராமல், விவரத்தை உரையாடல் பக்கத்தில் மட்டும் வைத்தாள். நவமணி ஆய்விதழை வரவழைத்து முழுக்கப் படித்தார். பிறகு அவரே அடிக்குறிப்பைச் சேர்த்து, 'சான்று தேவை'யை எடுத்துவிட்டார். 'படித்துவிட்டு அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடவில்லை, தங்கச்சி' என்று எழுதியிருந்தார். திரையில் அந்தக் கடைசிச் சொல்லைப் பார்த்ததும் காளீஸ்வரிக்குக் கண் கலங்கியது.

அடுத்த வாரம் பூவனலிங்கம் போன் செய்தார்.

"டீச்சர், விக்கிப்பீடியாவுல அந்தத் தீப்பெட்டிக் கட்டுரையைப் படிச்சேன். குச்சியை மெழுகுல முக்குறதைப் பத்தி அதுல ஒண்ணுமே இல்லியே. யாருகிட்ட சொல்லணும்?"

"யாருகிட்டயும் சொல்ல வேண்டாம் அண்ணாச்சி. நீங்களே எழுதலாம்."

"நானா?"

சனிக்கிழமை அவருடைய ஆபீசுக்குப் போய்க் கணினியில் தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நிறுவிக் கொடுத்தாள். அவர் ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டத் தொடங்கினார். முதல் வாக்கியம் முடிய மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. சாப்பாடு ஆறுவதாக வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டும் அவர் எழுந்திருக்கவில்லை.