மாரிசாமி துக்துக்கில் ஏறாத காலை

1.

நான் கம்போடியாவுக்குப் போனதே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பிறகு யாரும் கேட்டு என் மானத்தை வாங்கக்கூடாது. இந்தக் கம்போடியாக் கதை முழுவதும் எனக்குக் கிடைத்தது நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ஒனிஹங்காவில், விபோலின் பேக்கரியில், கோழிக்கறி அடைத்த ஒரு சிக்கன் பை சூடு ஆறுவதற்குள்.

சொன்னவர் மாரிசாமி. சாத்தூர்ப் பக்கத்து ஆள், ஆக்லாந்தில் பஸ் ஓட்டுகிறார், மனைவி இறந்து பல வருடமாகிறது. கேட்டவள் ரதிதேவி, அதாவது நான். யாழ்ப்பாணத்துக்காரி. ஆல்பனியில் ஒரு கந்தோரில் கணக்கு வேலை, மற்ற நேரத்தில் கதை எழுதுவது. பேக்கரிக்கார விபோல் கம்போடியாவில் தாகேயோ மாகாணத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த கெமர்க்காரர். 2016 டிசம்பரில் மாரிசாமி அங்கோர் கோயில் பார்க்கக் கிளம்பியபோது, "அப்படியே எங்கள் ஊருக்கும் போய் வா, என் தங்கச்சி இருக்கிறாள்" என்று அனுப்பிவைத்தவர் அவர்தான். (வரைபடத்தைப் பார்த்தேன். அங்கோரிலிருந்து தாகேயோ 'அப்படியே' இல்லை, நாட்டின் மறு கோடியில் இருக்கிறது. மாரிசாமி அதையும் பஸ்ஸிலேயே போய்ச் சேர்ந்தார்.)

2.

முதல் தொடக்கம்: "பனைகளுக்கு நடுவே சூரியன் மெல்ல"

வேண்டாம். யாழ்ப்பாணத்துக்காரி கையில் பனை அகப்பட்டால் கதை உருப்படாது. அங்கே வரப்புக்கு வரப்பு பனைதான் நிற்கிறது என்று மாரிசாமி சத்தியம் பண்ணுகிறார். நிற்கட்டும்.

இரண்டாம் தொடக்கம்: "அந்த வயல்களுக்கு அடியில் எத்தனை எலும்புகள்"

இதையும் வெட்டிவிட்டேன். கம்போடியா என்றதும் என் பேனா தானாகவே அங்கே நடந்த படுகொலைகளின் பக்கம் இழுத்தது. எங்கள் ஊரைப் பற்றியும் வெளியாட்கள் இப்படித்தான் எழுதினார்கள், செத்தவர்கள் மட்டுமே அங்கே குடியிருந்ததுபோல. நாங்கள் யுத்த காலத்திலும் கலியாணத்துக்குச் சேலை தெரிவு செய்து சண்டை பிடித்தோம், பகிடி விட்டோம், வயிறு நோகச் சிரித்தோம். அதை யாரும் எழுதவில்லை என்று எனக்கு இன்றும் கோபம் உண்டு. அதே அநியாயத்தை நான் இன்னொரு ஊருக்குச் செய்யமாட்டேன். ஆகவே இந்தக் கதையில் மாலிஸ் சிரிப்பாள்.

மாலிஸ்தான் விபோலின் தங்கச்சி. அவளும் கணவனை இழந்தவள். முன்பே சொல்லியிருக்க வேண்டும், மூன்றாம் தொடக்கத்தில் சொல்லலாம் என்று இருந்தேன். மூன்றாம் தொடக்கம் வரவே இல்லை.

3.

வீடு மரத்தூண்களின் மேல் நிற்கிறது. கீழே நிழலில் ஊஞ்சல் வலை, கோழிகள், ஒரு மோட்டார் சைக்கிள், மாலிஸின் அடுப்பு. காலையில் அவள் அரிசி மாவைப் பிழிந்து நூடுல்ஸ் செய்து, மீன் குழம்போடு விற்கிறாள். வந்த மறுநாளே மாரிசாமி அந்தப் பிழியும் அச்சைக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

"இடியாப்பம்லாம் புழிஞ்சிருக்கேங்க்கா. ஆனா இது நேரா கொதிக்கிற தண்ணிக்குள்ள விழுது. நான் புழிஞ்சது துண்டு துண்டா மிதக்குது. அந்தம்மா சிரிச்சுச்சு பாருங்க!"

"என்ன மாதிரிச் சிரிப்பு?"

"சிரிப்பு மாதிரிதான்."

இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன எழுத? நெல்லறுப்பைக் கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்றார். இரண்டு சக்கர உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் வைக்கோல் மேல் படுத்தபடி ஊர் சுற்றியதைக் கேட்டால் "முதுகு வலி" என்றார். வயல் நண்டு பிடிக்கக் கற்றுக்கொடுத்த பிள்ளைகளைப் பற்றி மட்டும் ஒரு முழு வாக்கியம் சொன்னார்: "வெவரமான பசங்க, எங்கிட்ட தோத்துக் குடுத்தாங்க." மற்றவற்றை நானே கறந்தேன். மாலிஸ் என்று வருகிற இடத்தில் மட்டும் அவர் தண்ணீர் குடித்தார், ஒவ்வொரு முறையும்.

4.

கிளம்பும் காலை. துக்துக், அந்த ஊர் ஆட்டோ, வாசலில் நிற்கிறது, பை முதுகில் ஏறிவிட்டது. அப்போது ஊரில் சடங்கு செய்கிற பெரியவர் வந்து, வாழ்த்துச் சொல்லி, மாரிசாமியின் மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டினார். பின்னால் மாலிஸ் ஒரு நூல், அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு நூல். போகிறவன் பத்திரமாகப் போய்ச் சேரவேண்டும் என்பதற்காகக் கட்டுகிற நூல் அது.

மாரிசாமி பையைக் கீழே இறக்கிவைத்தார்.

(சாத்தூர்ப் பக்கம் தெரியாதவர்களுக்கு: மாரியம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லை தாண்டி இராத்தங்கக்கூடாது. மாரிசாமி பிறந்ததிலிருந்து அப்படித்தான். ஒரு பஸ் சாரதிக்கு இதைவிடச் சங்கடமான விரதம் கிடையாது.)

நூலைக் காட்டினார், மேலே பார்த்துக் கும்பிட்டார், சாலையைக் காட்டினார், கையை ஆட்டி 'முடியாது' என்றார். பேசப் பொதுவாக ஒரு மொழி இல்லை. துக்துக்காரன் காத்திருந்து, சிரித்து, போய்விட்டான். மாலிஸ் உள்ளே போய் அரிசி களைந்தாள். மாரிசாமி ஊஞ்சல் வலையில் உட்கார்ந்து யாராவது வந்து காப்பு அவிழ்ப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களோ அதை அவிழ்ப்பதே இல்லை, நைந்து தானாக விழவேண்டும். விமானம் அவர் இல்லாமல் பறந்தது. அவர் அறுப்பு முடியும்வரை அங்கேயே இருந்தார். தெய்வ பக்தியால் விமானத்தை விட்ட மனிதர் என்று ஊர் முழுக்கப் பெயர்.

இந்த இடத்தில் கதையை முடித்திருக்கலாம். நல்ல பகிடிக் கதை, சஞ்சிகைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள்.

5.

ஆனால் எனக்கு மாரிசாமி மேல் சந்தேகம் வந்துவிட்டது. பாத்திரமாக, மனிதராக, இரண்டு விதமாகவும். நிமிடம் தவறாமல் பஸ் ஓட்டுகிற ஆள், ஒரு போன் போட்டு விபோலிடம் கேட்டிருக்க மாட்டாரா? எழுதியதை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போய் மாரிசாமிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தலையைக் குனிந்து சிக்கன் பையின் அலுமினியத் தட்டை மடக்கி மடக்கிச் சின்னதாக்கினார்.

"அன்னைக்குச் சாயந்திரமே தெரியும்க்கா. விபோல்தான் போன்ல சொன்னாரு, 'டேய், அது உன்ன வழியனுப்பக் கட்டுனதுடா'ன்னு."

"அப்ப ஏன் நிண்டனீங்கள்?"

"மறுநா காலைல மாவு புழியணும்ல."

எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? எழுந்து நின்று கத்தவேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை, எனக்குப் பின்னால் கல்லா வரிசை நின்றது.

அவருக்கோ சந்தோசம் இல்லை. மாலிஸ் விசிட்டர் விசாவில் அண்ணனைப் பார்க்க இங்கே வருகிறாள். அவளைக் கல்யாணத்துக்குக் கேட்கவேண்டும் என்பது மாரிசாமியின் எண்ணம்.

"சாமிக்குப் பயந்து நின்னேன்னு அந்தம்மா நம்புது. அந்த மரியாதைலதான் சோறு போட்டுச்சு. நெசத்தச் சொன்னா அந்த மரியாத போயிரும். சொல்லாம கேட்டா, பொய்ய வச்சுக் கேட்ட மாதிரி ஆயிரும்ல?"

"ஓம்" என்று தலையாட்டினேன்.

"நீங்க எழுதுங்கக்கா, எப்படி முடியுதுன்னு பாத்துட்டு நான் முடிவு பண்றேன்."

இவ்வளவு காலம் எழுதுகிறேன், ஒருவரும் என் முடிவுகளை இப்படி நம்பியதில்லை. பயந்துபோனேன்.

6.

முடிவு ஒன்று. அவர் உண்மையைச் சொல்கிறார், அவள் முகம் வாடி அடுத்த விமானத்தில் திரும்பிவிடுகிறாள். மழையில் அவர் தனியாக நிற்கிறார். உருகி உருகி எழுதியிருந்தேன்.

"நான் ஏன்க்கா மழைல நிக்கிறேன்? ஏர்போர்ட்டுக்குக் கூரை இருக்குல்ல?"

"அது இலக்கியம்."

"குடை இருக்கும்க்கா எங்கிட்ட."

முடிவு இரண்டு. மாலிஸுக்கும் எல்லாம் தெரியும், தெரியாததுபோல் நடித்தாள். விபோல் கேட்டுவிட்டு மறுத்துத் தலையாட்டினார். தன் தங்கச்சிக்கு நடிக்கவே வராது, சீட்டு விளையாடினாலே முகத்தில் தெரிந்துவிடும் என்றார். மாரிசாமியுடன் போனில் பேசியதைத் தங்கச்சியிடம் சொன்னாரா என்று கேட்டேன். அதைச் சொல்லவேண்டியவன் மாரிசாமி, தானல்ல என்றார்.

முடிவு மூன்று. "விமான நிலையக் கதவு திறந்ததும் மாலிஸ்"

அதற்கு மேல் ஓடவில்லை. அவளை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஒரு சிரிப்பை மட்டும் தெரியும், அதுவும் 'சிரிப்பு மாதிரி' ஒரு சிரிப்பு. அதை வைத்துக்கொண்டு ஒருத்தியின் மனதை நான் தீர்மானிப்பதா?

இதற்கிடையில் கடையில் வேறொரு காரியம் நடந்தது. விபோல் மாவுக் கையோடு கல்லாவில் நின்று மாரிசாமிக்கு ஒரே ஒரு கெமர் வாக்கியம் கற்றுக்கொடுத்தார்: 'அன்று மாலையே எனக்குத் தெரியும், இருந்தும் நின்றேன்.' தன் தங்கச்சியிடம் சொல்லப்போகிற வாக்கியத்தை அண்ணனே திருத்துகிறார்! இவர் தப்பாகச் சொல்லும்போதெல்லாம் அவர் நெற்றியில் அடித்துக்கொள்வார், நெற்றி வெள்ளையாகும். சிக்கன் பை வாங்க வந்தவர்களும் நின்று கேட்டார்கள், போகும்போது சிலர் அதை முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

7.

சனிக்கிழமை காலை. விபோலுக்குக் கடையை விட்டு அசையமுடியாது, மாரிசாமிதான் கூட்டிவரப் போனார். நான் வீட்டில் கணினியின் முன்னால் இந்த ஏழாம் பகுதியை வெறுமையாக வைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"அக்கா, விமானம் எறங்கி ஆளுங்க வெளிய வர ஆரம்பிச்சுட்டாங்க. எழுதிட்டீங்களா? நான் என்ன சொல்றேன் அதுல?"

"நான் எழுதேல்லை, மாரிசாமி. எழுதவும் மாட்டன். நீங்களே சொல்லுங்கோ."

"அக்கா, வெளாடாதீங்க."

"விளையாடேல்லை. மனசில இருக்கிறதைக் கதையுங்கோ, அது போதும்."

அவர் போனை வைக்க மறந்து அப்படியே சட்டைப்பையில் போட்டுவிட்டார். பெட்டிகளின் சில்லுகள் உருளும் சத்தம், யாரோ ஒரு குழந்தை அழுவது, பிறகு ஒரு பெண் குரல். அவர் பேச ஆரம்பித்தார். அது பேக்கரியில் பழகிய வாக்கியம்தான், அந்த ஓசை எனக்கே பாடமாகியிருந்தது. அது முடிந்தும் அவர் நிறுத்தவில்லை. யார் கற்றுக்கொடுத்ததோ, தட்டுத்தடுமாறிக் கெமரிலேயே மேலும் மேலும் பேசினார். அவர் முடித்தார். அந்தப் பெண் மெதுவாக, சின்னதாக, ஏதோ சொன்னாள்.

"நெசமாவா?" என்றார் மாரிசாமி. தமிழ் ஒரு சொல்லும் தெரியாத பெண்ணிடம், தமிழில்.

அவசரமாகப் போனை வைத்துவிட்டேன். கதையின் முடிவு காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது போனை வைத்த ஒரே எழுத்தாளர் நானாகத்தான் இருப்பேன். அது அவர்களுடையது. மாலிஸ் என்ன சொன்னாள் என்று நீங்கள்தான் எழுதிக்கொள்ளவேண்டும், நல்லபடியாக எழுதுங்கள். நான் மத்தியானத்துக்கு அரிசி போட எழும்பினேன். எத்தனை பேர் சாப்பிட வருவார்களோ என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு பெரிய பானையை எடுத்தேன்.