பாதி வெட்டிய தலை

1.

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை, பேருந்தை நிறுத்தப் போன இடத்தில் கிடைத்தது. என் தொடரின் கதாநாயகன் கையை உயர்த்திப் பேருந்தை நிறுத்த வேண்டும். எந்தச் சைகையையும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு எழுதுவது என் பழக்கம். எழுந்து நின்று வலது கையைத் தூக்கினேன். தோள் மட்டம் வந்ததும் கை நின்றுவிட்டது. கண் இருட்டியது. கதாநாயகன் அந்த வாரம் நடந்தே போனான்.

"ஃப்ரோசன் ஷோல்டர்" என்றார் மருத்துவர். "தோள் உறைஞ்சு போச்சு. மெல்ல இளகும். ஒரு வருஷம் ஆகலாம், ரெண்டும் ஆகலாம்."

எனக்கோ வாராவாரம் கெடு.

2.

ஐந்து மாதம் கழித்துப் பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் கேட்டார்: "சார், உங்க கதையில இப்பல்லாம் யாருமே கையைத் தூக்கறதில்லையே? வில்லன்கூட அறைய மாட்டேங்கறான்."

அகப்பட்டுக்கொண்டேன். சரி, வலியையே எழுதித் தொலைப்போம் என்று உட்கார்ந்தேன்.

'சூரியன் தன் கதிர்க்கரங்களை உயர்த்தி...' (வேண்டாம். அவனுக்கு மட்டும் கை தூக்க வருகிறதாக்கும்!)

'சலூன்காரருக்கு வயது ஐம்பத்திரண்டு.' (இது தேவலை.)

3.

சலூன்காரருக்கும் தோள் உறைந்துவிட்டது. கொடுத்தவன் நான்தான், வேறு யார்? வெளியே தெரிந்தால் வாடிக்கையெல்லாம் எதிர்க் கடைக்குப் போய்விடும் என்று மறைக்கிறார். குள்ளமானவர்களாகப் பார்த்து உட்கார வைக்கிறார். நெட்டையாக யாராவது எட்டிப் பார்த்தால், "இன்னும் நாலு பேர் இருக்காங்க" என்று காலி பெஞ்சைக் காட்டுகிறார்.

தெருவே 'ஏணி' என்று கூப்பிடும் தபால்காரரை அப்படி அனுப்ப முடியாது. இருபது வருட வாடிக்கை. நாற்காலியைக் கடைசிவரை இறக்கியாயிற்று. பக்கவாட்டு முடிந்தது. உச்சிக்குப் போகும்போது கத்தரி அந்தரத்தில் நின்றது.

"என்னப்பா, வழி மறந்து போச்சா?" என்றார் ஏணி.

அங்கே நானும் நின்றுவிட்டேன்.

4.

மருத்துவர் சொன்ன பயிற்சிப்படி தினமும் சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையை ஏற்றுகிறேன். எட்டிய இடத்தில் பென்சில் கோடு. நேற்றைய கோட்டுக்கும் இன்றைய கோட்டுக்கும் நடுவில் ஓர் எறும்பு படுக்க இடமில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் பத்து நிமிடம் சுகம். பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

என் கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்பவள் மனைவி. "பாவங்க அந்த மனுஷன். மூணு வாரமா பாதித் தலையோட உட்கார்ந்திருக்கார். ஏதாவது பண்ணுங்க" என்றாள்.

கைவசம் இருந்த முடிவுகளைச் சொன்னேன். கை சட்டென்று குணமாகிறது. ("புளுகு.") மின்சாரம் போய்விடுகிறது. ("கத்தரிக்கு எதுக்குங்க கரண்ட்?") கடையை மூடிவிடுகிறார்.

இதற்கு அவள் என் சட்டையைப் பார்த்தாள். கழற்ற முடியாமல் மூன்று நாளாக அதே சட்டையில்தான் தூங்கி எழுகிறேன். குளிர் என்று சொல்லி வைத்திருந்தேன்.

"நாற்காலி இதுக்கு மேல இறங்காட்டி என்ன? ஏணி சாரை இறங்கி முக்காலியில உட்காரச் சொல்லலாமே?" என்றாள்.

"அவருக்கு அதெல்லாம் கேக்க வராது."

"யாருக்கு? அவருக்கா?"

5.

(இந்தப் பகுதியை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்பச் சேர்த்தேன்.)

"கொஞ்சம் இந்தச் சட்டையை..." என்றேன்.

நான் முடிப்பதற்குள் வந்துவிட்டாள். "முதல்ல நல்ல கை. அப்புறம் வம்புக் கை. மூச்சைப் பிடிக்காதீங்க." வலித்தது. ஆனால் தனியாக மல்லுக்கட்டிய வலி இல்லை. "குளிராம்ல, குளிரு" என்று சட்டையைத் துவைக்கப் போட்டாள்.

மேசைக்கு வந்து எழுதினேன்:

'சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். "சார், ஒண்ணு சொல்லணும். என் தோளு..."'

இதற்கு மேல் எனக்கு எட்டவில்லை. முக்காலி கதவோரம் இருக்கிறது. ஏணி கண்ணாடியில் சலூன்காரர் முகத்தையே பார்க்கிறார். மீதியை அவருக்காக நீங்கள் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம், ஒரு மனிதர் பாதித் தலையோடு உட்கார்ந்திருக்கிறார்.