கழுவாத கண்ணாடிகள்

தென்காசியில் அந்தக் காலத்தில் ஒரு வீட்டு வாசலில் ஆவுடைநாயகம் கேமராப் பெட்டியோடு வந்து நின்றால், உள்ளே யாரோ செத்துப்போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். கல்யாணத்துக்குப் படம் எடுக்கிற பழக்கம் நாலு பணக்கார வீடுகளைத் தாண்டி இன்னும் வரவில்லை. உயிரோடு இருக்கிறவனைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று ஊரே நம்பியது. ஆயுசு முடிந்தவனுக்கு அந்தக் கவலை கிடையாது. குளிப்பாட்டி, திருநீறு பூசி, நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் ஒரு ஆள் மறைந்திருந்து தலை சாயாமல் பிடித்துக்கொள்ள, ஆவுடைநாயகம் கறுப்புத் துணிக்குள் தலையை விடுவான். சாரல் மாதங்களில் மட்டும் குற்றாலத்துக்கு வரும் வெளியூர் மைனர்கள் அருவிக்கு முன்னால் ஈர வேட்டியோடு நின்று எடுத்துக்கொள்வார்கள். மற்ற மாதமெல்லாம் அவன் வீட்டில் அடுப்பு எரிந்தது சாவு வீடுகளால்தான்.

அப்பேர்ப்பட்ட பெட்டியைத் தன் சொந்தப் பிள்ளைக்கு முன்னால் தினமும், ஒரு வருசத்துக்கு, ஒரு நாள் தப்பாமல் வைக்கப்போவதாக அவன் ஒரு சாயங்காலம் வந்து சொன்னான். முத்துவடிவு அப்போது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கேட்ட மாத்திரத்தில் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடினாள்.

வினை குற்றாலத்தில் ஆரம்பித்திருந்தது. மதுரையில் பெரிய ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் வருசா வருசம் சாரலுக்கு வந்து சிற்றருவிப் பக்கம் வீடு எடுத்துத் தங்குவார். அவரிடம் போய் ஆவுடைநாயகம் தன் படங்களைப் பரப்பி வைத்திருக்கிறான். மனுசர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, நல்லதையெல்லாம் கொண்டுவந்திருக்கிறாய், கெட்டதை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டாராம். அதோடு விட்டாரா என்றால் இல்லை. ஒரு வருசம், தினம் ஒரு படம், ஒரே ஆளை எடு. எதையும் மருந்தில் கழுவிப் பார்க்காதே. அப்படியே பெட்டியில் போட்டு வை. அடுத்த சாரலுக்கு என் கண் முன்னால் கழுவு. பாதிக்குப் பாதி தேறினாலும் குற்றாலத்தில் நான் திறக்கப்போகிற கடைக்கு நீதான் ஆள் என்று சொல்லி, கண்ணாடி பிளேட்டுகளையும் தன் செலவிலேயே கொடுத்தனுப்பிவிட்டார். ரோஷக்காரனைக் கிளப்பிவிட இது போதாதா? இவன் தலையில் பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஊர்வலம்போல் வந்து சேர்ந்தான்.

ஒரே ஆள் என்றால் ஊரில் வேறு ஆளா இல்லை? தேரடியில் பகலெல்லாம் உட்கார்ந்திருக்கிற மாடன் இருக்கிறான், கூப்பிட்டால் சும்மா வருவான். முத்துவடிவு அதைத்தான் சொன்னாள். ஆவுடைநாயகம் தலையை ஆட்டிவிட்டு, தன் பிள்ளைதான் என்றான். ஏன் என்று அவள் கேட்டபோது அவன் கேமராவின் கண்ணை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பிள்ளை லேசில் வந்த பிள்ளை அல்ல. முந்தி இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவன் குற்றாலிங்கம் சுவரைப் பிடித்து நடக்கப் பழகும்போது போனான். அடுத்தவன் சுந்தரம் குப்புற விழக்கூட இல்லை. மூன்றாவதாக இவள் பிறந்ததும் முத்துவடிவு ஒரு காரியம் செய்தாள். பக்கத்துத் தெருவில் தறி நெய்கிற பரீதின் மனைவி அலிமாவுக்குப் பிள்ளையை ஒரு முறம் தவிட்டுக்கு விற்றாள். அலிமா தவிட்டைக் கொட்டிவிட்டு, பிள்ளையை வாங்கி மடியில் வைத்து, இது என் பிள்ளை, நீ வளர்த்துக் கொடு என்று வாய்விட்டுச் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அதனால் தவிட்டம்மாள் என்று பெயர். தவிட்டுக்குப் போன பிள்ளையை எமன் எந்த வீட்டில் என்று தேடுவான்? கண் மை வைப்பதில்லை, நல்ல சட்டை போடுவதில்லை, யாராவது அழகு என்று சொல்லிவிட்டால் முத்துவடிவு உடனே, மூக்கு சப்பை, பார்க்கச் சகிக்காது என்று சொல்லிவிடுவாள். இவ்வளவு பாடுபட்டு அவள் மறைத்து வைக்கிற முகத்தை இவன் தினமும் கண்ணாடியில் எழுதி வைக்கப்போகிறான்.

அழுதாள், சண்டை போட்டாள், இரண்டு வேளை பட்டினி கிடந்தாள். ஆவுடைநாயகம் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மறுநாள் காலை வெயில் முற்றத்தில் விழுந்ததும் பெட்டியைக் கொண்டுவந்து முக்காலியில் ஏற்றினான். பிள்ளை அதைப் பார்த்துக் கையைக் காலை ஆட்டிச் சிரித்தது.

அதன் பிறகு முத்துவடிவுக்கு நிம்மதி என்பதே இல்லாமல் போயிற்று. பிள்ளை தும்மினால் போயிற்று. பிள்ளை வழக்கத்தைவிட இரண்டு நாழிகை கூடத் தூங்கினால் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பாள். காலைப் படத்துக்குப் பிறகு பிள்ளையின் எடை குறைந்திருக்கிறதா என்று இடுப்பில் தூக்கி வைத்துப் பார்ப்பாள். ஒரு நாள் குறைந்த மாதிரி இருக்கும், ஒரு நாள் இல்லை என்று இருக்கும். அலிமாவிடம் போய்ச் சொன்னாள். வாங்கின தாய் நான் இருக்கும்போது யாரும் தொட முடியாது என்று அலிமா தைரியம் சொன்னாளே தவிர, அவளும் சாயங்காலமானால் வந்து பிள்ளையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

இதற்கு ஒரு வழியைக் காட்டிக் கொடுத்தவன் ஆவுடைநாயகமேதான். எடுத்த கண்ணாடிகளைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி அட்டைப் பெட்டியில் போட்டு, உள்ளறையான அரங்கு வீட்டில் நெல் குதிருக்குப் பின்னால் அடுக்கியிருந்தான். ஒரு நாள் அவள் அங்கே பெருக்கப் போனபோது பதறிக்கொண்டு ஓடிவந்தான்.

“ஏட்டி, அதைத் தொட்டுராத. வெளிச்சத்துல தெறந்தியோ, உள்ள இருக்க பிள்ள அம்புட்டும் போயிரும். ஒண்ணும் மிஞ்சாது.”

அவனுக்கு அது எச்சரிக்கை. அவளுக்கு அது வரம். திறந்தால் போய்விடுமா? எங்கே போகும்? எங்கிருந்து வந்ததோ அங்கேதானே போகும்?

அன்று மதியம் அவன் ரத வீதியில் இருந்த தன் படக் கடைக்குப் போனதும், முத்துவடிவு கதவைத் தாழிட்டாள். பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுவந்து மேலே இருந்த கண்ணாடியை எடுத்தாள். அதில் பிள்ளையும் இல்லை, ஒன்றும் இல்லை. மோர் காய்ந்த மாதிரி ஒரு வெளுப்பு. அதை உச்சி வெயிலில் பிடித்து, “வந்திரு தாயி, உன் ஒடம்புக்கு வந்திரு” என்றாள். பிறகு அடியில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். முன்போலவே காகிதம் சுற்றி, முன்போலவே அடுக்கினாள். உள்ளே வந்து பிள்ளையைத் தூக்கினால் கனத்தது. அவளுக்கு அழுகை வந்தது.

அதிலிருந்து அது அன்றாடக் காரியமாயிற்று. காலையில் அவன் பிடிப்பான், மதியம் இவள் விடுவாள். இவன் இருட்டறையில் கையால் தடவியே கண்ணாடியைப் பெட்டியில் சேர்க்கிறவன், அதனால் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் பிள்ளை அதற்குள் இருக்கிறதே என்ற நடுக்கம் அவளை விடவில்லை. தைப்பொங்கல் அன்று அவன் கடை திறக்கவில்லை. பொழுது சாய்கிற வரைக்கும் வீட்டிலேயே கரும்பு கடித்துக்கொண்டு கிடந்தான். பிள்ளை இரண்டு தரம் இருமியது. முத்துவடிவு பொங்கலை அடிப்பிடிக்க விட்டுவிட்டு, கோயிலுக்குப் போய் வாருங்கள், பங்காளி, சொக்காரன் வீட்டுக்குப் போய் வாருங்கள் என்று அவனைப் பிடித்து விரட்டினாள். நல்ல நாள் அதுவுமாக இவளுக்கு என்ன பிடித்திருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் போனான்.

சித்திரை வெயிலில் தவிட்டம்மாளுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள், தாளிப்பை நிறுத்தினார்கள், ஆவுடைநாயகம் கடையை மூடிவிட்டு வீட்டோடு இருந்தான். அம்மை கண்ட பிள்ளையைக் கூடவா படம் எடுப்பான் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அவன் முதல் நாள் காலையிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறை வாசலுக்கு வந்தான். முத்துவடிவு நிலைப்படியில் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

“ஆத்தா வந்து படுத்திருக்கா. இங்கன அதைக் கொண்டாந்தீகன்னா நான் கெணத்துல விழுந்திருவேன்” என்றாள்.

அவன் திரும்பிப் போனான். பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருந்தவள் எதேச்சையாக நிமிர்ந்தபோது ஜன்னல் கம்பிக்கு வெளியே கறுப்புத் துணி தெரிந்தது. அவள் கத்துவதற்குள் மூடியைத் திறந்து மூடிவிட்டான். இப்படியே மறுநாளும், அதற்கு மறுநாளும். எடுத்துவிட்டு அரங்கு வீட்டுக்கு முன்னாலேயே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டான். பெட்டிப் பக்கம் அவளால் போக முடியவில்லை.

பிள்ளை வாழை இலையில் கிடந்தது. முகம் முழுக்க முத்து. மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை, பால் இறங்கவில்லை. ஒவ்வொரு காலையும் ஒரு கண்ணாடி சேர்கிறது, ஒவ்வொரு காலையும் பிள்ளை ஒரு பிடி குறைகிறது என்று முத்துவடிவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. புருசன் காலைப் பிடித்துச் சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். சொன்னால் பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவான், அப்புறம் பிள்ளையை மீட்கவே முடியாது. கடைசியில் இளநீர் வேண்டும் என்று அவனைக் கொல்லைக்கு அனுப்பினாள். அவன் தென்னையில் ஏறுகிற நேரத்துக்குள் பெட்டியை முற்றத்துக்கு இழுத்துவந்து, காகிதத்தைக் கிழிக்காத குறையாக உருவி, கண்ணாடி கண்ணாடியாக வெயிலில் பரப்பினாள். அவசரத்தில் ஒன்று விரலைக் கீறி ரத்தம் வந்தது. எல்லாவற்றையும் பழையபடி சுற்றி வைத்துவிட்டு அவள் எழுந்திருக்கவும் அவன் இளநீரோடு வரவும் சரியாக இருந்தது.

சாயங்காலம் பிள்ளை கண்ணைத் திறந்து பாலுக்கு அழுதது. அம்மை இறங்கவேண்டிய நாளில் இறங்கியிருக்கும். அதை முத்துவடிவிடம் போய் யார் சொல்வது, சொன்னால்தான் அவள் நம்புவாளா? தலைக்குத் தண்ணீர் விட்டு முடிந்த மறுநாளிலிருந்து, காலையில் அவன் பிடிப்பதும் மதியம் அவள் விடுவதும் பழையபடி நடந்தன.

ஆனி பிறந்து சாரல் விழுந்தது. மதுரைக்காரர் வந்துவிட்டார். ஆவுடைநாயகம் வண்டி பிடித்து, வைக்கோல் பரப்பி, பெட்டிகளை அதில் அடுக்கி, பெண்டாட்டி பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு குற்றாலம் போனான். வழியெல்லாம் அவன் பாடிக்கொண்டே வந்தான். சிற்றருவி வீட்டில் ஒரு அறையைச் சாக்குப் போட்டு இருட்டாக்கி, சிவப்பு விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். அருவித் தண்ணீர் குடம் குடமாக வந்தது. ஆண்கள் இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முத்துவடிவு வெளியே பிள்ளையோடு உட்கார்ந்தாள். பிள்ளையைப் பற்றி இருந்த பயம் போய், அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளுக்குப் புருசனைப் பற்றிப் பயம் வந்தது.

மதுரைக்காரர் குரல் மட்டும் கதவுக்குள்ளிருந்து கேட்டது. இதுவும் கறுப்பு என்றார். கொஞ்சம் பொறுத்து, அடுத்த பெட்டியைப் பிரி என்றார். பிறகு இதுவும் என்றார். மத்தியானம் மதுரைக்காரர்தான் முதலில் வெளியே வந்தார். கெட்ட மனுசர் அல்ல. உன் பெட்டியில் எங்கோ ஓட்டை இருக்கிறது, வெளிச்சம் புகுந்திருக்கிறது, இது தெரியாமலா ஒரு வருசம் எடுத்தாய் என்று வருத்தப்பட்டுச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஆவுடைநாயகம் கேமராவைத் தூக்கிக்கொண்டு பாறைக்குப் போனான். கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கேமராவை வானத்தைப் பார்க்கத் திருப்பி, அதன் தோல் மடிப்புகளில் ஓட்டையைத் தேடினான். ஒரு மடிப்பு பார்த்தான், அடுத்த மடிப்பு பார்த்தான், திரும்ப முதலிலிருந்து பார்த்தான். சாரல் அவன் முதுகை நனைத்தது. முத்துவடிவால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பிள்ளையை இடுக்கிக்கொண்டு அருகே போனாள்.

“அதுல ஓட்டை இல்ல. நான்தான் தெறந்தேன்.”

துணிக்குள் அசைவு நின்றது.

“தெனமும் வெயில்ல காட்டிப் பிள்ளைய வெளிய விட்டேன். அம்மையில கெடந்தப்பவும் விட்டேன். விட்டதுக்கு அப்புறந்தான் கண்ணைத் தெறந்தா. என்னைய அடிக்கணும்னா அடிங்க. பிள்ள இருக்கு.”

அவன் துணியை விலக்கினான். அடிப்பான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் அவளைப் பார்க்காமல் பிள்ளையின் முகத்தையே பார்த்தான். கன்னத்தில் அம்மைத் தழும்பு இரண்டு பதிந்திருந்தது.

“குத்தாலிங்கம் மொகம் ஒனக்கு நெனவு இருக்கா?” என்றான்.

அந்தப் பெயரை அவர்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. அவள் பிள்ளையை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள்.

“எனக்கு இல்ல. சுந்தரம் மொகமும் இல்ல. ஊருல செத்தவன் மொகத்தை எல்லாம் புடிச்சுக் குடுத்திருக்கேன். எம் பிள்ளைக ரெண்டு பேரு போனப்ப பெட்டியத் தூக்க மனசு வரல, அவனுக மொகம் எங்கிட்ட இல்ல. அதுக்குத்தான் இவள எடுத்தேன். கடைக்காக மட்டும் இல்ல.” பிறகு அவளைப் பார்த்து, “ஒனக்காவது இருக்கும். நீ பெத்தவ” என்றான்.

பெற்றவளுக்கு மறக்குமா என்று சொல்ல வாயெடுத்து, முத்துவடிவு கண்ணை மூடிப் பார்த்தாள். குற்றாலிங்கம் வந்தான். அரைஞாண் கயிறு வந்தது, தொப்பை வந்தது, சுவரைப் பிடித்த கை வந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் தவிட்டம்மாள் முகம் இருந்தது. சுந்தரத்தைத் தேடினாள். அவனுடைய கனம் கையில் இருந்தது, தலை உச்சியின் மணம் இருந்தது. முகத்துக்கு மறுபடியும் தவிட்டம்மாள்தான் வந்தாள். எவ்வளவோ பயந்திருக்கிறாள் அந்த ஒரு வருசத்தில். இப்படி ஒரு பயத்தை அவள் அறிந்ததில்லை. கண்ணைத் திறந்து, இடுப்பில் இருந்த பிள்ளையை வெகுநேரம் பார்த்தாள்.

“இன்னைக்கு எடுத்தாச்சா?” என்று கேட்டாள்.

“இல்ல. இனிமே எதுக்கு?”

முத்துவடிவு பாறையில் உட்கார்ந்தாள். முந்தானையால் பிள்ளையின் முகத்தில் இருந்த சாரலைத் துடைத்தாள். வெளிச்சம் இருக்கிற பக்கமாக அதன் தாடையைத் திருப்பிவிட்டாள்.

“எடுங்க” என்றாள்.

அவன் புதுக் கண்ணாடி கொண்டுவந்து முக்காலியை நிறுத்துகிறவரை அவளுக்கு உடம்பெல்லாம் ஆடிக்கொண்டுதான் இருந்தது. பிள்ளையை மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டாள்.